வளைகுடாவின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரலாறு முதுகலை படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "என் தாத்தா 1950களில் பஹ்ரைனில் எழுத்தராக வேலை பார்த்தவர். வளைகுடா நாடுகளின் பழைய வரலாற்றை ஆய்வு செய்ய ஆசைப்படுகிறேன். அரபு, இஸ்லாமிய உலகுக்கென்றே தனி ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் உண்டு என்று கேள்விப்பட்டேன். எனக்கு அரபி தெரியாது. லண்டன் போக வசதியும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

நாளைக் காலை உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஒரு கணினியும் ஓரளவு ஆங்கிலமும் போதும். அரபி பிறகு வேண்டியிருக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் கத்தார் மின்னூலகம். கத்தார் அறக்கட்டளையும் கத்தார் தேசிய நூலகமும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து 2014இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தளம் அது. இருபது லட்சம் பக்கங்களுக்கு மேல் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. அங்கே தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: வளைகுடாவைப் பற்றிய பழைய காகிதங்களில் பெரும்பகுதி இந்திய அரசு அலுவலகக் காகிதங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1763இல் பாரசீகக் கரையில் உள்ள புஷேர் துறைமுகத்தில் ரெசிடென்ட் என்ற பிரதிநிதியை நியமித்தது. அந்த ரெசிடென்ட் அலுவலகம் 1873 வரை பம்பாய் அரசுக்கு அறிக்கை அனுப்பியது. அதன்பிறகு 1947 வரை இந்திய அரசுக்கு. பஹ்ரைன், குவைத், மஸ்கட் ஆகிய இடங்களில் இருந்த பிரிட்டிஷ் முகவர்கள் இந்தியாவின் அரசியல் துறையில் ஊதியம் வாங்கியவர்கள். அங்கே கைமாறிய பணம் ரூபாய். குவைத்தில் 1923 முதலும் பஹ்ரைனில் 1933 முதலும் ஒட்டப்பட்டவை இந்தியத் தபால்தலைகளே. மேலே அந்த ஊர்ப் பெயரை அச்சடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். வளைகுடாவில் புழங்குவதற்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தினாருக்கு மாறின. ஆகவே இந்த ஆவணங்களுக்குள் நுழையும் இந்திய மாணவர் அந்நியர் வீட்டுக்குள் நுழையவில்லை. ஐரோப்பிய மாணவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு: இந்தக் கோப்புகளின் அமைப்பை நம் அரசு அலுவலகங்களில் இன்றும் பார்க்கலாம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் உறவில் இருந்தால், நடப்புக் கோப்பு என்றால் என்ன, குறிப்புக் கோப்பு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் ஒரு பக்கம். அவற்றைப் பற்றி அலுவலகத்துக்குள் எழுத்தரும் அதிகாரியும் மாறி மாறி எழுதிக்கொண்ட குறிப்புகள் இன்னொரு பக்கம். பஹ்ரைன் முகவரகத்தின் கோப்புகளும் அப்படித்தான். கோப்பின் கடைசிப் பக்கங்களில் குறிப்புகள் இருக்கும். பலரும் முதல் ஐம்பது பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் கோப்பைப் பின்னாலிருந்து திறப்பேன். மேலிடத்துக்கு அனுப்பிய கடிதத்தில் "ஷேக் அவர்கள் மகிழ்வுடன் சம்மதித்தார்" என்று இருக்கும். பின்னால் உள்ள குறிப்பைப் பார்த்தால் அந்தச் சம்மதத்தை வாங்க என்ன பாடு பட்டார்கள் என்பது தெரியவரும். அங்கே எழுதியவர் யாருக்காகவும் வேடம் போடவில்லை.

தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. நான் தொடங்கிய காலத்தில் முதல் சில நாட்கள் அதனாலேயே வீணாயின. அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இன்று நாம் எழுதும் குவைத், பஹ்ரைன், துபாய், சார்ஜா எல்லாம் அந்தக் காகிதங்களில் கொவெய்ட், பஹ்ரேன், டெபாய், ஷார்கா என்று வேறு வேறு எழுத்துகளில் கிடக்கும். ஒரே கோப்பில் ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய ஐக்கிய அரபு அமீரகம் 1971 வரை "போர்நிறுத்த உடன்படிக்கைக் கரை" (ட்ரூஷியல் கோஸ்ட்) என்ற பெயரில்தான் வரும். தட்டச்சு செய்த பக்கங்களை இயந்திரம் ஓரளவு படித்து எழுத்தாக மாற்றியிருக்கிறது; கையெழுத்துப் பக்கங்கள் சொல்தேடலில் சிக்கா. அதனால் சொல்லைத் தேடுவதோடு நிற்காமல் அடுக்கைப் பிடியுங்கள். ஐ.ஓ.ஆர். (இந்தியா ஆபீஸ் பதிவேடுகள்) ஆர் 15 என்பது வளைகுடா அலுவலகங்களின் குறியீடு. அதற்குள் 1 என்றால் புஷேர், 2 பஹ்ரைன், 5 குவைத், 6 மஸ்கட். உங்களுக்கு வேண்டியது 2. அந்த அடுக்கின் கோப்புத் தலைப்புகளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் அந்த அலுவலகத்தின் கவலைகள் எவை, எந்த ஆண்டில் எது பெரிதாயிற்று என்பது தலைப்புகளிலேயே புலப்படும். எண்ணெய்ச் சலுகை, முத்துக்குளிப்போர் கடன், விசா, தனிமைப்படுத்தல் விதிகள், இந்தியப் பணியாளர் சேர்ப்பு என்று ஓர் ஊரின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பின்புலத்துக்கு லோரிமர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தொகுத்த வளைகுடா விவரச்சுவடியை எடுங்கள். ஊர்கள், குலங்கள், கிணறுகள், படகுகள் பற்றிய பகுதி 1908இலும் வரலாற்றுப் பகுதி 1915இலும் அச்சாயின. ஏறத்தாழ 5,000 பக்கங்கள். அன்று அதிகாரிகள் மட்டுமே பார்க்கக்கூடிய இரகசிய நூல். இன்று முழுவதும் அந்தத் தளத்தில் இருக்கிறது. லோரிமரின் பெயரைச் சொல்லும் பலரும் சொல்லாமல் விடும் ஒருவர் உண்டு. பம்பாய் அரசுப் பணியில் இருந்த ஜெ.ஏ. சல்டானா என்ற இந்தியர், பழைய பதிவேடுகளை வாசித்துப் பகுதி வாரியாகச் சுருக்கங்கள் தயாரித்துக் கொடுத்தார். லோரிமரின் வரலாற்றுப் பகுதி அந்தச் சுருக்கங்களின் மேல் எழுந்தது. அவையும் தளத்தில் உள்ளன. லோரிமர் முடித்துச் சொன்ன ஒரு செய்தி உங்களுக்கு ஐயமாகப் பட்டால் சல்டானாவைப் பாருங்கள். மூலக் கடிதம் எது என்று அவர் காட்டியிருப்பார்.

இனி எச்சரிக்கை. இந்தக் காப்பகம் ஆட்சி செய்தவர்களின் காப்பகம். எதை எழுதவேண்டும், எதை என்ன பெயரிட்டு அழைக்கவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். மிகப் பெரிய எடுத்துக்காட்டு, இன்றைய அமீரகக் கரைக்கு அவர்கள் இட்ட "கடற்கொள்ளையர் கரை" என்ற பெயர். 1819இல் பிரிட்டிஷ் படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி, அங்கிருந்த காசிமிகளின் கப்பல்களை அழித்தது. 1820இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கான நியாயம் காசிமிகள் கொள்ளையர்கள் என்பதே. பதிவேடுகளை அப்படியே நம்பி எழுதியவர்கள் நூற்றைம்பது ஆண்டுகள் அதையே திரும்பச் சொன்னார்கள். 1972இல் சார்ஜாவின் ஆட்சியாளரான சுல்தான் பின் முகம்மது அல் காசிமி அதே குலத்தில் பிறந்தவர். அவர் ஆட்சியில் இருந்தபடியே இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1985இல் முனைவர் பட்டம் பெற்றார். பம்பாய் ஆவணங்களைப் புரட்டி, கொள்ளை என்று எழுதப்பட்ட நிகழ்ச்சிகளைக் கம்பெனியின் சொந்தக் கடிதங்களைக் கொண்டே மறுத்தார். வணிகப் போட்டியை மறைக்கப் போட்ட பழி அது என்பது அவர் வாதம். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை. ஆனால் அவர் காட்டிய வழி முக்கியம். ஆட்சி செய்தவரின் காகிதமும், கூர்ந்து வாசித்தால், ஆட்சி செய்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இதைவிட என் நெஞ்சைத் தொட்டவை வேறு சில காகிதங்கள். அடிமை விடுதலைச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களின் வாக்குமூலங்கள். 1920களிலும் 1930களிலும் முத்துக்குளிப்புப் படகுகளில் வேலை வாங்கப்பட்ட அடிமைகள், தப்பித்துப் பஹ்ரைன், சார்ஜா, மஸ்கட் முகவரகங்களுக்கு ஓடிவந்தார்கள். பலர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். பலர் பலுசிஸ்தானத்தின் மக்ரான் கரையில் சிறுவயதில் கடத்தப்பட்டவர்கள். பெயர், ஏறக்குறைய வயது, பிறந்த ஊர், கடத்தியவன் யார், எவனிடம் விற்றான், எத்தனை ஆண்டு கடலில் மூழ்கினேன், சம்பாதித்ததை எசமான் எப்படி எடுத்துக்கொண்டான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம், சில சமயம் அரைப் பக்கம். தாயின் பெயர் நினைவில் இருந்தும் ஊரின் பெயர் நினைவில்லாதவர்கள் இருக்கிறார்கள். கீழே கைநாட்டு. அதற்குக் கீழே அதிகாரி ஒரே வரியில் பரிந்துரைப்பார். வரலாற்றில் வேறெங்கும் பெயர் பதியாத ஒரு மனிதர் அந்த அரைப் பக்கத்தில் மட்டும் தன் வாழ்க்கையைச் சொல்லி நிற்கிறார்.

ஆனால் அந்தப் பக்கத்தையும் கவனத்தோடு வாசிக்க வேண்டும். அவர் பேசியது அரபியிலோ பலுச்சியிலோ சுவாகிலியிலோ இருக்கலாம்; நம் கையில் இருப்பது அலுவலக ஆங்கிலம். எல்லா வாக்குமூலங்களும் ஒரே சட்டகத்தில் இருப்பதற்குக் காரணம், கேட்ட கேள்விகள் ஒன்றாக இருந்ததே. பிரிட்டிஷ் அரசின் நிலையும் நேர்மையானதல்ல. 1847 உடன்படிக்கைகள் கடல்வழி அடிமை வணிகத்தைத் தடுத்தன. கரையில் ஏற்கெனவே அடிமையாக இருந்தவரை அவை தொடவில்லை. ஓடிவந்தவருக்குச் சான்றிதழ் தந்த அதே அலுவலகம், முத்துத் தொழில் முடங்கிவிடக்கூடாது என்றும் கவலைப்பட்டது. இரண்டு கவலைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன.

உங்கள் தாத்தாவின் காலத்துக்கு வருகிறேன். பஹ்ரைனில் 1932இல் எண்ணெய் கிடைத்தது. எழுத்தர், கணக்கர், கைவினைஞர் என்று இந்தியர்களை ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரவழைத்தார்கள். 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்துமா, ஒப்பந்தத்தில் என்ன இருக்கவேண்டும் என்ற கடிதப் போக்குவரத்து பஹ்ரைன் அடுக்கில் உண்டு. ஆனால் 1947 ஒரு பிளவுக் கோடு. இந்தியா விடுதலை பெற்றதும் வளைகுடா லண்டனின் வெளியுறவு அலுவலகத்தின் நேரடிப் பொறுப்புக்குப் போனது. ரெசிடென்ட் அலுவலகம் அதற்கு ஓராண்டு முன்பே, 1946இல், புஷேரிலிருந்து பஹ்ரைனுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே 1950களின் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை அமீரகத்தின் தேசிய நூலக, ஆவணக் காப்பகம் அரேபிய வளைகுடா மின்காப்பகம் என்ற பெயரில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதே ஆண்டுகளுக்கு டெல்லியின் பக்கமிருந்து பார்க்க இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் அபிலேக் படல் தளத்தில் வெளியுறவுத் துறைக் கோப்புகள் ஏராளம். ஒரே சம்பவத்தை லண்டன் அதிகாரி எப்படி எழுதினார், டெல்லி அதிகாரி எப்படி எழுதினார் என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். உங்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் அதிலிருந்தே வரலாம்.

நீங்கள் கேட்ட "தனி நூலகம்" என்ற சொல்லுக்கு மிகச் சரியாகப் பொருந்துவது எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் அரபு உலக ஆவணப் பிரிவு. அதன் அருமை பார்த்தவுடன் தெரியாது. தங்க மையிட்ட சுவடிகளைத் தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். அங்கே உள்ளவை அரசிதழ்கள், புள்ளிவிவர ஆண்டேடுகள், ஐந்தாண்டுத் திட்ட அறிக்கைகள், வங்கி அறிக்கைகள், கருத்தரங்கத் தாள்கள், நாளிதழ் நறுக்குகள். எந்தக் கடையிலும் விற்காத, சாதாரண நூலகம் வாங்கி வைக்காத, ஓர் அமைச்சகம் அடுத்த ஆண்டு புதியது வந்ததும் தூக்கி எறிந்துவிடும் காகிதங்கள். பஹ்ரைன் 1941இல் முதன்முதலாகத் தன் மக்களை எண்ணியபோது 89,970 பேர் இருந்தார்கள். 1950இல் இரண்டாவது கணக்கெடுப்பு. குவைத் 1954இல் அரசிதழ் தொடங்கி 1957இல் முதல் கணக்கெடுப்பை நடத்தியது. குடியுரிமைச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் எந்தச் சொற்களில் முதலில் அச்சாயின, வெளிநாட்டவர் எத்தனை பேர் என்று எந்த ஆண்டில் எப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பதெல்லாம் இத்தகைய தாள்களில்தான் கிடைக்கும். உங்கள் தாத்தா ஒரு புள்ளிவிவரமாகவாவது பதிவாகியிருக்கக்கூடிய இடம் அது.

அந்தக் காகிதம் அச்சான நாட்டிலேயே இருக்குமே, எக்ஸிடர் எதற்கு என்று கேட்கலாம். 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அரசு ஆவணங்கள் வண்டி வண்டியாகப் பாக்தாதுக்குப் போயின. 2003 ஏப்ரலில் பாக்தாதின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் தீயில் எரிந்தன. நகல் வேறிடத்தில் இருந்தால்தான் பிழைக்கும். லண்டனில் இருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல: 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, அதன் பட்டியலைக்கூட இரண்டு மாதங்களுக்கு மேல் பார்க்க முடியாமல் போனது. அதனால் உங்களுக்குத் தேவையான பக்கங்களை அன்றன்றே இறக்கி, கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள்.

மற்ற இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பொருளுக்கு அவை தொலைவு. ஆக்ஸ்போர்டின் செயின்ட் அந்தோணி கல்லூரியில் மத்தியகிழக்கு மையத்தின் காப்பகம் அதிகாரிகளின் தனிப்பட்ட கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் புகைப்படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அலுவலகக் கோப்பில் சொல்லாததை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருப்பார்கள். டர்ஹமில் சூடான் காப்பகம், 1957இல் தொடங்கியது. நம் நாட்டில் பாட்னாவின் கங்கைக் கரையில் குதாபக்ஷ் நூலகம், 1891இல் ஒரு வழக்கறிஞர் ஏறத்தாழ 4,000 சுவடிகளோடு பொதுமக்களுக்குத் திறந்தது; இன்று 21,000க்கும் மேற்பட்ட அரபி, பாரசீக, உருதுச் சுவடிகள். அரபு மருத்துவமோ பாரசீக வரலாற்று நூல்களோ உங்கள் துறையாக இருந்திருந்தால் முதலில் அங்கேதான் அனுப்பியிருப்பேன். ஒருமுறை போய்ப் பாருங்கள். மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகத்தில் 1873க்கு முந்தைய வளைகுடாக் கடிதங்கள் உள்ளன. ரயில் டிக்கெட் செலவில் முடிகிற பயணம் அது.

அரபி விஷயம். தொடங்க அது தேவையில்லை. ஆனால் தெரியாமலே முடித்துவிடாதீர்கள். பஹ்ரைன் கோப்புகளில் ஷேக்கும் வணிகரும் எழுதிய அரபிக் கடிதம் ஒரு பக்கமும் முன்ஷி (அலுவலக எழுத்தர்) செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு மறுபக்கமும் இருக்கும். மூலத்தில் கண்டிப்பாகப் பேசிய கடிதம் மொழிபெயர்ப்பில் பணிவாக மாறியிருப்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பகுதியில் இதற்கு வசதி இருக்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபுத்தமிழ், அதாவது அரபி எழுத்தில் தமிழ், எழுதிய மரபு உண்டு; மதரசாவில் ஓதிய பிள்ளைக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும். ஆனால் குர்ஆனில் உள்ள தெளிவான அச்செழுத்து வேறு, அவசரமாகக் கிறுக்கிய வணிகர் கையெழுத்து வேறு. அதில் புள்ளிகள்கூடப் பல இடங்களில் விடுபட்டிருக்கும். ஆறு மாதம் தினமும் ஒரு கடிதம் என்று பழகினால் கண் படிந்துவிடும். தேதிகள் இஸ்லாமியரின் சந்திர நாட்காட்டியான ஹிஜ்ரியில் இருக்கும்: ஹிஜ்ரி 1350 தொடங்கியது 1931 மே மாதத்தில். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும் என்பதை மறந்து கணக்குப் போட்டால் ஒரு முத்துக்குளிப்புப் பருவமே மாறிப்போகும்.

பொருளை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் என் ஆசையைச் சொல்கிறேன். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு வளைகுடாவிலிருந்து அரபு முத்துக்குளிப்போர் வந்தார்கள். கீழக்கரையிலிருந்தும் நம் ஆட்கள் போனார்கள். ஒரே கடலில் இரு கரை மனிதர்களும் மூழ்கினார்கள். லோரிமரில் வளைகுடா முத்து பற்றித் தனி இணைப்பு உண்டு. இலங்கை அரசின் அறிக்கைகளும் அச்சில் உள்ளன. இந்த இரண்டையும் தமிழில் ஒருசேர வாசித்து எழுத ஒருவர் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு இந்த வாரமே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு, வீட்டில் உள்ள பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், கப்பல் டிக்கெட், மணியார்டர் ரசீது, அவர் எழுதிய கடிதம், கடிதம் வந்த உறையும் அதன் தபால்தலையும் எது கிடைத்தாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தேதியும் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் பெயரும் இருக்கும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, கியூவின் கோப்புத் தலைப்புகளிலும் அபிலேக் படலிலும் அதே ஆண்டைத் தேடத் தொடங்குங்கள்.